பின்சக்கரம்

முதல் பாகம் வந்தப்ப
உள்ளே டார்ச் அடிச்சுக்கிட்டிருந்தேன்.
ரெண்டாம் பாகம் வர்றதுக்குள்ள
சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.
ஸ்டாண்டுல சைக்கிளே கிடையாது.
பேரு மட்டும் இன்னும் மிதிச்சுக்கிட்டிருக்கு.

வெள்ளிக்கிழமை, செகண்ட் ஷோ.
செல்லூர்ல இருந்து, ஆரப்பாளையத்துல இருந்து
வண்டிக்கு மூணு பேரு.
இருநூறுக்கே மூச்சு முட்டுற இடம்,
முந்நூத்திப் பத்து டோக்கன் கிழிச்சிருக்கேன்.
எல்லாவனும் ஹேண்டில் லாக் போட்டுட்டுப் போறான்,
என்னைத் திருடன்னு நினைச்சு.

அதனால
பின்கம்பியைப் பிடிச்சு
இடுப்பைக் கொடுத்து லேசா ஒரு தூக்கு,
ஒரு இழுப்பு.
முன்சக்கரம் நின்ன எடத்துல நிக்க
பின்சக்கரம் அரைவட்டம் போடும்,
சரளைமேல சர்ர்ருன்னு.
புல்லட்டுன்னா ரெண்டு இழுப்பு.
கண்ணாடிக்குக் கண்ணாடி ஒரு விரக்கடை, உரசாது.
பதினோரு வருஷமா இதான் வேலை.
இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு
போஸ்டரைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

போஸ்டர்ல கார் குறுக்கால போகுது,
மூஞ்சி அங்கிட்டு, போறது இங்கிட்டு.
புகை கிளம்புற டயருக்கு அடியில
எவனோ நெசமாவே
ஒரு எலுமிச்சம்பழத்தை ஒட்டி வச்சிருக்கான்.

சுவத்துக்கு இந்தப் பக்கம்
படம் காதுலதான் ஓடும்.
அந்த ஊர்க்காரன் தமிழ்ல பேசுறான்.
"தம்பி, பிரேக்கை நம்புனவன் பின்னாலதான் வருவான்."
விசில்.
கியர் மாத்துற சத்தத்தை எண்ணிக்கிட்டே நின்னேன்,
ஒம்பது, பத்து, பதினொண்ணு.
எத்தனை கியர்டா வச்சிருக்கீங்க அந்தக் கார்ல?

இடைவேளைக்கு அப்புறம்
கேண்டீன் மூக்கையா ஓடி வந்தான்.
"காசிமாயண்ணே, வாங்க, உங்க சீனு!"
கதவோரம் நின்னு பார்த்தேன்.
எட்டு மாடிக் கட்டடம், வண்டி நிறுத்த மட்டுமே கட்டினது.
அடியில இருந்து உச்சி வரைக்கும்
ரெண்டு காரும் குறுக்காலயே ஏறுது.
தியேட்டரே எந்திரிச்சு நிக்குது.
நான் தரையைப் பார்த்தேன்.
வண்டிக்கு ஒரு வெள்ளைக் கட்டம்,
கட்டத்துக்கு ஒரு நம்பர்,
நடுவுல காலை நீட்டிப் படுக்கலாம்.
டோக்கன் கிழிக்க ஒருத்தனையும் காணோம்.
அம்புட்டுப் பெரிய கட்டடத்துல
நம்ம ஆளு ஒருத்தன் இல்ல.

படம் விட்டுச்சு.
முந்நூத்திப் பத்துப் பேரும் முறுக்குறான்.
ஒருத்தன் கேட்டுக்கிட்ட
பின்பிரேக்கை மிதிச்சு வீசிப் பார்த்தான்.
ஐஸ்காரர் உப்புத்தண்ணி கொட்டின எடம் போல,
வண்டி வந்துருச்சு, அவன் வரல.
முட்டியில ரத்தம். இன்டிகேட்டர் தொங்குது.
"வீடியோ எடுத்தியாடா?"ன்னுதான் முதல்ல கேட்டான்.

ஒண்ணே முக்காலுக்கு ஒரு வண்டி மிச்சம்.
நூத்திப் பதினேழு.
பழைய ஸ்ப்ளெண்டர், சீட்டு மேல இன்னும் பாலித்தீன் உறை.
உள்ள போய் எழுப்பிக் கூட்டியாந்தேன்.
கடைசி வரிசை, வாய் திறந்து கிடந்தாரு.
"கார் சத்தத்துலதான்ப்பா எனக்குத் தூக்கமே."
நெல்பேட்டை இப்ராம்சா பாய்.
மஸ்கட்ல பதினாலு வருஷம் தண்ணி லாரி.

"வெளிநாட்டு ரோடு நெசமாவே இப்படித்தானா பாய்?"
டோக்கனைத் தடவிக்கிட்டே சொன்னாரு,
"எண்பதைத் தாண்டுனா வண்டிக்குள்ள பீப்பீன்னு கத்தும்.
கத்துனா சம்பளத்துல பிடிப்பான்.
நான் ஒரே ஒரு தடவைதான் கத்த விட்டேன்."
"எதுக்கு?"
அதுக்குள்ள டோக்கன் கிடைச்சுருச்சு,
மேல்பையில, பழைய பஸ் டிக்கெட்டோட ஒட்டிக்கிட்டு.

வண்டியைப் பின்னால பிடிச்சுத் திருப்பிக் கொடுத்தேன்.
மைதானமே காலியாக் கிடக்கு,
அரைவட்டம் என்னத்துக்கு?
கை பழகிப்போச்சு.
பாய் பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல.

தெருமுக்குல ஒரு நாய்கூட இல்ல.
இன்டிகேட்டரைப் போட்டு
கையையும் நீட்டி
நின்னு
ரெண்டு பக்கமும் பார்த்துட்டு
வலது பக்கம் திரும்பினாரு.